சமையற்கட்டு ஜன்னல் கம்பி

கல்யாணமான நான்காவது மாதம் நான் கொல்லிமலை ஏறினேன். இப்போது காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ரோடு போகிறது. அன்று அது கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வரை மாட்டுவண்டி, அதற்குமேல் நம் கால்தான். காலையில் ஏறத் தொடங்கினால் பொழுது சாயும்போது எஸ்டேட் வாசலில் நிற்கலாம்.

என் கணவர் அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தார். முதலாளிக்குச் சேலத்தில் வீடு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மலைக்கு வருவார். அவருக்கு முன் எஸ்டேட்டை வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை கட்டிய பழைய பங்களா ஒன்று இருந்தது. முன்பக்கத்து ஹாலும் அறைகளும் முதலாளிக்கு. பின்பக்கத்தில் இரண்டு அறைகளும் சமையற்கட்டும் எங்களுக்கு.

அந்தப் பங்களாவில் கரண்ட் இருந்தது. சேலத்தில் நான் பிறந்த வீட்டிலேயே அது இல்லை. மேட்டில் மெசின் கொட்டகை. அங்கே ஒரு எண்ணெய் இஞ்சின் ஓடும். ஒரு பெல்ட்டால் அது காபிப்பழத்தின் தோலை உரிக்கும் மெசினைச் சுழற்றும், இன்னொரு பெல்ட்டால் டைனமோவைச் சுழற்றும். டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகள் மரக்கம்பங்கள்மேல் இறங்கிப் பங்களாவுக்குள் வரும். உள்ளே அவை சுவரில் அடித்த, நடுவில் குடைந்த மரப்பட்டிகளுக்குள் போகும். பட்டியை மூடும் பலகைமேல் துரை காலத்திலிருந்து எத்தனையோ தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. உள்ளே எலி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. மலைக்கு வந்தபின் அது இன்னும் கூடிவிட்டது. பேச ஆள் இல்லை. அவர் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் சமையற்கட்டில் பானைகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுவேன், மறுநாள் திருப்பி வைப்பேன். எனக்குத் துணை, அதே மலையில் அரியூர் நாட்டுப் பகுதியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சொந்தமாகச் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தாள். காட்டுவேலை இல்லாத நாட்களில் எங்களிடம் வருவாள். என்னை அம்மிணி என்று கூப்பிடுவாள். நான் நிற்காமல் நடப்பதைப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, காலுல சக்கரமா கட்டியிருக்கீங்க?" என்று கேட்பாள்.

கார்த்திகை மாதம் பழம் பறிப்பு தொடங்கியது. மழையும் விடவில்லை. ஒரு நாள் முற்பகல் பாத்திரம் கழுவிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையில் எறும்புக் கூட்டம் ஏறியதுபோல் சுருக்கென்றது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி தொட்டேன். மறுபடியும் அதே சுருக்கு, முழங்கை வரைக்கும்.

மதியம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். அவர் போய்க் கம்பியைத் தொட்டார். அப்போது இஞ்சினைச் சாப்பாட்டுக்காக நிறுத்தியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லையே. குளிர்ல கை மரத்துப்போயிருக்கும்" என்றார்.

மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாள் இல்லை. ஒரு நாள் மாலை விளக்கு எரியும்போது தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அடுத்த நாள் பட்டப்பகலில் விளக்கே போடாதபோது அடித்தது. அவரிடம் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. அப்புறம் அது கவலையாக மாறியது. கம்பியைப் பற்றிய கவலை இல்லை, என்னைப் பற்றியது. "கொஞ்ச நாள் உங்கம்மா ஊட்டுக்குப் போய் இருந்துட்டு வாரயா?" என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் புத்தியில்தான் ஏதோ கோளாறோ என்று நானே நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்காதான் என்னை நம்பினாள். "எனக்கும் சுள்ளுங்குதுங்கம்மிணி. நான் சொன்னா மலைக்காரி கரண்ட் தெரியாம பயப்படறான்னுவாங்க. அதான் சும்மா இருந்துட்டனுங்க."

முன்ஹாலில் ஒரு விளக்கு எரியாமல் போனதற்காகச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்தார்கள். அடிவாரத்தில் ஒரு ரைஸ் மில்லில் இஞ்சினும் டைனமோவும் பார்த்துக்கொண்டிருந்தவர். நடுவயசு, அதிகம் பேசமாட்டார். ஹால் வேலையை முடித்ததும் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மெசின் ஓடவில்லை. அவருக்காக இஞ்சினை மட்டும் கொஞ்சநேரம் ஓட்டினார்கள். ஒரு பல்பின் ஒரு வயரை ஜன்னலிலும் மற்றதை ஈரத்தரையிலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

"இப்ப ஒண்ணுந் தெரியலீங்க" என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கிளம்பும்போது, "பழைய வயருங்க. எப்பவாச்சும் ஒருத்தரக் கரண்ட் புடிச்சுக்கிச்சுன்னா கையால தொட்டுராதீங்க. காஞ்ச கட்டையால தட்டி உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் எனக்குத் தூக்கம் குறைந்தது. இஞ்சின் சத்தம் தொடங்கினால் சமையற்கட்டுக்குள் போகப் பயம். போகாமலும் இருக்க முடியவில்லை. அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மழையா? மழை பெய்த சில நாட்களில் ஒன்றுமில்லை. சமையற்கட்டு விளக்கா? அது அணைந்திருந்தபோதும் அடித்தது. புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று இப்போது புரிகிறது.

ஒரு நாள் கம்பி அடித்ததும் அப்படியே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் மேட்டுக்கு ஓடினேன். மெசின் கொட்டகைக்குள் இருட்டு. பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். மெசின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் கணுக்கால் நீரில் வெறுங்காலோடு நின்று பழத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விளக்கின் வயர் கூரையிலிருந்து தொங்கி மெசினின் இரும்புக்காலில் உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடத்தில் மேல்துணி நைந்து செம்பு தெரிந்தது.

அங்கே விளக்கு எரிந்தால் இங்கே கம்பி அடிக்கிறது. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மாலை அவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "கொட்டகை மேட்டுல கெடக்குது. சமையக்கட்டு கீழ கெடக்குது. அங்க வெளக்குப் போட்டா இங்க எப்படி அடிக்கும்? வயர்மேனே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாரல்ல?"

"அன்னைக்குக் கொட்டகை வெளக்கு எரியலீங்க."

"சரி, மொதலாளி வந்துட்டுப் போகட்டும். பொறகு பாக்கலாம்."

மறுவாரம் முதலாளி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் விளக்கில் கைவைக்க என் கணவர் விரும்பவில்லை. அவர் வேறு ஒன்றையும் என்னிடம் மறைத்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு நாள் கழித்து, முற்பகல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் கைத்துணியும் கரண்டியும் மாட்ட ஒரு கொடிக்கம்பி கட்டியிருந்தது. அக்கா ஈரக்கையோடு துணியை எடுக்கப்போனவள், தரை வழுக்கியதால் மற்றக் கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அதன்பின் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண் என்மேல் இருந்தது, உடம்பு மட்டும் கிடுகிடுவென்று ஆடியது. கையை எடுக்க முடியவில்லை.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கத்தான் பாய்ந்தேன். பாதி தூரத்தில் எப்படி நின்றேன் என்று தெரியாது. மூலையில் உலக்கை சாத்தியிருந்தது. எடுத்து ஓங்கி அவள் மணிக்கட்டில் அடித்தேன். ஒரு தடவை போதவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை விடுபட்டு அவள் சுருண்டு விழுந்தாள்.

மூச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் நான் மேட்டுக்கு ஓடினேன். "இஞ்சின நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தொண்டை கட்டி இரண்டு நாள் எனக்குக் குரலே வரவில்லை.

அக்காவின் உள்ளங்கை குறுக்கே கருகிப்போயிருந்தது. மணிக்கட்டு என் அடியில் உடைந்திருந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைக் கட்டிலில் வைத்து நான்கு பேர் அரியூர் நாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே எலும்புக்குக் கட்டுப்போடுகிறவர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

என் கணவர் அன்று இரவு இஞ்சினை ஓட்டவிடவில்லை. விடிந்ததும் தானே மலை இறங்கினார். மறுநாள் மாலை வயர்மேனுடன் திரும்பி வந்தார்.

வயர்மேன் நேராக மெயின் பலகைக்குப் போனார். அரிக்கேன் விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். பியூஸ் கட்டையை இழுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றார். மயிரிழை போன்ற கம்பி இருக்கவேண்டிய இடத்தில் வேலிக்கம்பி மாதிரித் தடித்த செம்புக்கம்பி முறுக்கியிருந்தது.

"இது யாருங்க போட்டது?"



"நான்தானுங்க" என்றார் என் கணவர். "பழம் பறிப்பு ஆரம்பிச்சதுலருந்து அது தெனம் போயிக்கிட்டே இருந்துது. மொதலாளி வார நேரத்துல இருட்டாப் போயிருமேன்னு..."

"அது சும்மாவா போவுதுங்க? எங்கியோ ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துருக்குது. நீங்க அது வாயக் கட்டிட்டீங்க."

எனக்குள் வந்த கோபத்தை எழுத முடியாது. என்னை அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னவர், பியூஸ் ஒவ்வொரு நாளும் போனதை அறிந்தேதான் இருந்தார். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றும் மறுநாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என்னவோ ஒரு வெறியில் பங்களாவின் எல்லா அறைகளையும் கூட்டினேன், கழுவினேன், மறுபடியும் கூட்டினேன்.

வயர்மேன் அறை அறையாக மரப்பட்டியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். உள்ளே எலிப் புழுக்கை, கரையான் மண், பொடிப்பொடியாக உதிர்ந்த ரப்பர். சில இடங்களில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வெறும் தூசிதான் இருந்தது. "தீப்புடிக்காம இருந்ததே பெரிசுங்க" என்றார்.

மூன்றாம் நாள் சமையற்கட்டுக்கு வந்தார். ஜன்னலுக்கு மேலே போன பட்டியின் மூடியைக் கழற்ற முயன்றார், வரவில்லை. ஒரு பெரிய ஆணி அதைச் சுவரோடு பிடித்திருந்தது. குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். மூடி விழுந்தது. ஆணி பட்டியைத் துளைத்து உள்ளே ஓடிய கம்பியின் நடுவிலேயே இறங்கியிருந்தது. கொடிக்கம்பியின் ஒரு முனை அந்த ஆணியில். மறுமுனை ஜன்னலின் இரும்பில்.

"இந்த ஆணி யாருங்க அடிச்சது?"

என் கணவர் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தெரியும். ஆவணி மாதம், சமையற்கட்டை நான் மூன்றாவது தடவை மாற்றி அடுக்கிய நாளில், சுத்தியலை எடுத்துக்கொடுத்ததே அவர்தான். அவர் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நான்தானுங்க" என்றேன்.

வயர்மேன் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. தரையில் இரண்டு கோடு கிழித்துக் காட்டினார். "டைனமோலருந்து வாரது ரெண்டு கம்பிங்க. ஒண்ணு மேல கொட்டகைல மெசினத் தொட்டு, ஈரத்துல மண்ணுக்கு எறங்கிருச்சு. இன்னொண்ணு இங்க ஆணி வழியா ஜன்னலுக்கு வந்துருச்சு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணுந் தெரியாது. நான் வந்த அன்னைக்குக் கொட்டகை வெளக்கு அணைஞ்சிருந்துது, அதான் எனக்குப் புடிபடல. ரெண்டும் சேர்ந்த நேரத்துல ஈரத்தரைல நின்னுக்கிட்டு ஜன்னலத் தொட்டா, நடுவுல பாலம் நம்ம ஒடம்புதானுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மிணி சொன்னது சரிதானுங்க. கொட்டகைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குது."

எத்தனையோ நாளாக ஒருவர் வாயிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. உலக்கையின் கீழ் எலும்பு முறிந்த சத்தம்தான் காதில் இருந்தது.

அன்று சாயங்காலம் நானாக அவரிடம் பேசினேன். "சாப்பிட வாங்க" என்றேன். அவ்வளவுதான். அவர் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த பிரச்சினை வயர். யுத்தகாலம். ரப்பர் சுற்றிய நல்ல வயர் சேலத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. வயர்மேன் எங்கெங்கோ கேட்டுக் கொண்டுவந்திருந்தது ஒன்றரைச் சுருள். கொட்டகைக்குச் சரியாக இருக்கும். அல்லது பங்களாவின் ஹாலுக்கும் முன் அறைகளுக்கும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் போதாது.

"எங்க போடறதுங்க?" என்று கேட்டார் வயர்மேன். முதலாளி வர நான்கு நாள் இருந்தது.

என் கணவர் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார். எனக்கு இருந்த வியாதி அவருக்கும் தொற்றிக்கொண்டதுபோல. ஆணி அடித்தவளுக்கு என்ன வாய் இருக்கிறது என்று நின்றேன். கடைசியில் அவரே, "கொட்டகைக்குப் போடுங்க. அவங்க தண்ணிக்குள்ள நிக்கறாங்க" என்றார்.

கொட்டகையில் பழைய வயர் எல்லாவற்றையும் அறுத்துப்போட்டார்கள். புது வயரை மேலே தூக்கிக் கட்டினார்கள். மெசினுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக்குழாய் இறக்கி, மெசின் காலிலிருந்து அதற்குக் கம்பி இழுத்தார்கள். பங்களாவுக்கு வரும் இணைப்பை வயர்மேன் வெட்டிவிட்டார்.

முதலாளி வந்தார், கூட இரண்டு விருந்தாளிகள். ஹாலில் மூன்று அரிக்கேன் விளக்குகள் வைத்திருந்தோம். சுவிட்சைத் தட்டினார், எரியவில்லை. ஜன்னல் வழியாக மேட்டில் கொட்டகை பளிச்சென்று எரிவது தெரிந்தது.

"ஏப்பா, மெசின் ஊட்டுக்கு வெளிச்சம், நான் இருட்டுல உக்காரோணுமா?"

கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். என் கணவர் ஆணியைப் பற்றிச் சொல்லவில்லை. பியூஸைப் பற்றிச் சொன்னார். தான் செய்த தப்பு, அதனால் ஒரு பெண்ணின் கை போகவிருந்தது என்று சொன்னார். "வயர் ஒண்ணரைச் சுருள்தானுங்க கெடச்சுது. ஈரத்துல நிக்கறவங்களுக்கு மொதல்ல போட்டுட்டனுங்க. தப்புன்னா என்னய அனுப்பிருங்க."

விருந்தாளிகள் முன்னால் முதலாளிக்கு முகம் சிவந்துபோனது. ஐந்து நாள் தங்குவதாக வந்தவர் இரண்டே நாளில் இறங்கிவிட்டார். போகும்போதும் என் கணவரிடம் பேசவில்லை. அந்த மாதம் முழுக்க, தபால் வந்தாலே வேலையை விட்டு நிறுத்தும் கடிதமா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். மூட்டை கட்டத் தயாராக டிரங்குப்பெட்டியைத் துடைத்து வைத்திருந்தேன். கடைசியில் கடிதம் வரவில்லை. காரவள்ளியிலிருந்து ஒரு ஆள் தலைச்சுமையாக மூன்று சுருள் புது வயர் கொண்டுவந்து இறக்கினார். கோபமா, சம்மதமா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வயர்மேன் மூன்றாவது தடவை மலை ஏறினார். ஹாலுக்கும் அறைகளுக்கும் வயர் போட்டு, மெல்லிய பியூஸ் கம்பி ஒரு கட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். சமையற்கட்டுக்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

மாசி மாதம் அக்கா திரும்பி வந்தாள். கட்டு அவிழ்ந்திருந்தது. இரண்டு விரல்கள் முழுசாக மடங்கவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்று, பட்டி இருந்த இடத்தில் சுவரில் தெரிந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியை என் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். அவள் உள்ளே வரவில்லை.

"அக்கா, அந்த ஆணி நான் அடிச்சது" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

அவள் முறத்தை எடுத்து வெளியே முற்றத்தில் உட்கார்ந்து சாமை புடைக்கத் தொடங்கினாள். சரியாக வராத விரல்களை வைத்துக்கொண்டு மெதுவாகப் புடைத்தாள். வெகுநேரம் கழித்துத் தலை நிமிராமல் சொன்னாள்:

"கரண்ட் என்னயப் புடிச்சது ஒரு நிமிசமுங்கம்மிணி. நீங்க அடிச்ச அடி ரெண்டு மாசமுங்க."

நான் அழுதேன். அவள் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில், "அடிக்காம உட்டுருந்தா நான் எங்கீங்க இருக்கப்போறேன்" என்றாள்.

அந்தப் பங்களாவில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தோம். அக்கா தினமும் வந்தாள், ஆனால் வேலையெல்லாம் முற்றத்திலேயே செய்தாள். நான் அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. வெளியே ஒரு கல்லடுப்புப் போட்டுக்கொண்டோம். வெயில் நாளில் அங்கேயே சமைத்து, இருட்டுவதற்குள் முடித்துவிடுவோம். மழை வந்தால் அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவாள், நான் அடுப்பை மூட ஓலை தேடி ஓடுவேன்.